மூன்றாவது மெஷின்

அரை மணிக்கு ஐம்பது ரூபாய்.
தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடி.
மெஷின் நான்கு.
மூன்றாவதில் உட்கார்ந்தால் முதுகுக்குச் சுவர்,
யாரும் எட்டிப் பார்க்க முடியாது.
சந்தனமேரி அதற்காகக் காத்திருப்பாள்,
மற்ற மூன்றும் காலியாய்க் கிடந்தாலும்.

சனிக்கிழமை தோறும் வருவாள். எழுதுவாள். வெளியேறுவாள்.
வெளியேறியதும் எழும்பிவிட மாட்டாள்.
பக்கம் மாறும்வரை பார்ப்பாள், மூடுவாள்,
மறுபடி திறப்பாள்
பெட்டி பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று.
"சரியா பூட்டிட்டேனாண்ணே?"
"பூட்டியாச்சு" என்பேன்
மிச்சக் காசை எண்ணியபடி.

லயத்தில் பிறந்தவளுக்குப் பூட்டு புதிது.
பத்தடிக் காம்பிராவில் சுவர் கூரைவரை போவதில்லை.
முதல் வீட்டு இருமலுக்கு
ஆறாவது வீட்டில் சுடுதண்ணீர் வைப்பார்கள்.

கடிதமும் அப்படித்தான் எங்களுக்கு.
வீட்டுக்கு இலக்கம் கிடையாது.
எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும்,
பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்,
ஒட்டிய வாய் ஈரம் காய்ந்து சுருங்கியிருக்கும்.
வங்கி நேர்முகத்துக்கு எனக்கு வந்த கடிதம்
நேர்முகம் முடிந்து ஒன்பதாம் நாள் கைக்கு வந்தது.
நான் பிரிக்குமுன்னே
"பரவால்ல தம்பி, அடுத்த தடவை பாக்கலாம்" என்றார் கிளாக்கர்.

அதனால்தான் இந்தக் கடை
என்று சொல்லிக்கொள்வேன், யாராவது கேட்டால்.

அவளுக்கு முகவரி உண்டாக்கிக் கொடுத்ததும் நான்தான்.
"எம் பேருக்கேவா? வேற யாரும் வாங்கிப் பிரிக்க முடியாதா?"
பாஸ்வேர்ட் வைக்கும்போது திரும்பி நின்றேன்,
பேக்கரிப் புகைபோக்கியைப் பார்த்தபடி,
அவள் ஒவ்வொரு எழுத்தாய்த் தேடித் தட்டி முடியும்வரை.

ஐப்பசி மழை. ஆறரைக்கே கடையில் ஆளில்லை.
கடைசியாய்ப் போனவள் அவள்.
தடயம் அழிக்கத்தான் உட்கார்ந்தேன், தினமும் செய்வது.
பின்னோக்கிய அம்புக்குறி இடது மூலையில் இருந்தது.
அதை அழுத்த ஒரு காரணமும் இல்லை.

பக்கம் வந்தது.
அவள் போய்விட்டது மெஷினுக்குத் தெரியாது,
கடைசியாய்க் கண்டதைக் கையில் வைத்திருந்து நீட்டியது.
வரைவுகள், பதினான்கு.
பதினான்கும் ஜோர்தானில் இருக்கும் ஜெசிந்தாவுக்கு.
ஒன்றும் அனுப்பப்படவில்லை.
ஒவ்வொன்றிலும் அரை வரிதான் தெரிந்தது:
ஜெசி, அப்பாவப் பத்தி ஒண்ணு
ஜெசி, அப்பா இப்ப
ஜெசி, கோவிக்காம வாசி, அப்பா
பிறகு மூன்று புள்ளிகள்.

ஆடி மாதம் அவள் அப்பாவின் பெட்டி இந்தத் தெருவால் போனது.
நான் ஜன்னலைப் பாதி சாத்தினேன்.

ஒன்றைத் தொட்டேன். ஆம், தொட்டேன்.
அப்போதுதான் மெஷின் விழித்துக்கொண்டது,
பாஸ்வேர்ட் கேட்டது,
வேறெதுவும் கேட்கவில்லை.

வரலாறு, குக்கீ, சேமித்த படங்கள்,
இருந்த கட்டங்களிலெல்லாம் சரி போட்டு அழித்தேன்.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாவது மெஷின் மறந்துபோனது.
கீழே கடைசிப் பாணை அடுப்பிலிருந்து இழுக்கும் சத்தம்.

அடுத்த சனி வந்தாள்.
குடையை வாசலில் உதறி, சுவரோரம் போய் அமர்ந்து
அரை மணி தட்டினாள், வெளியேறினாள், மூடினாள், திறந்து பார்த்தாள்.
நூறு ரூபாயை நீட்டி
"சரியா பூட்டிட்டேனாண்ணே?"

பரவால்ல தங்கச்சி
என்று வாய்வரை வந்தது.

மிச்சம் ஐம்பது. ஒரே தாள்.
அதையும் எண்ணினேன்.