ஏழாவது இடம்

சல்மாபாத் கேம்ப், பதினாலாம் நம்பர் அறை.
இரும்பு அலமாரிக் கதவின் உட்புறம்
பைப்புக்கு அளவு குறிக்கும் மார்க்கரால்
ஒன்று முதல் பத்து வரை எழுதியிருக்கிறோம்,
உலகம் தோன்றிய நாள்முதல்
ரிங்குக்குள் இறங்கியவர்களில் எவன் பெரியவன் என்று.

பெயர்கள் நாங்கள் வைத்தவை.
அசல் பெயர் வாயில் நுழைவதற்குள்
ஆட்டம் முடிந்துவிடும்.
இரும்புத்தாடை. சிவப்புப் பல்லி.
நாற்காலிக்காரன். அழுமூஞ்சி மாவீரன்.
இரும்புத்தாடையைப் பீர்க்கண்ணு மட்டும்
‘அவரு’ என்றுதான் சொல்வான்,
மாமனாரைச் சொல்வது மாதிரி.

வியாழன் இரவு குப்பூஸ் விறைக்கும்,
பருப்பு ஆடை கட்டும்.
காத்தவராயன் கணக்குக் கேட்பான்:
எத்தனை பெல்ட், எத்தனை வருஷம்,
எடை என்ன, மார்பு என்ன?
பின்பெஞ்சில் டிரம்ப் கார்டு ஆடித் தோற்ற வன்மம்
அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

“எல்லாம் பேசிவைத்த சண்டை, இதுக்குப் போயி...”
என்று பக்கத்து அறைக்காரன் தலையை நீட்டினால்
ஆறு பேரும் ஒரே கட்சி.
ஏஜெண்ட் எங்களிடம் பேசியது நூற்றிருபது தினார்.
பேசியபடி நடக்கிற இடம்
உலகத்தில் ஒன்றாவது இருக்கட்டுமே, அண்ணே.

போன பிப்ரவரியில் அவர்கள் மனாமாவுக்கே வந்தார்கள்.
ஆகக் கடைசி வரிசைக்குப் பதினெட்டு தினார்.
டிக்கெட் இல்லாமல் போனவன் ஞானதிரவியம்.
ரிங் கட்ட நாலு ஆள் சப்ளை கேட்டிருந்தார்கள்.

இரண்டு மணிக்குத் திரும்பினான்.
ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து சொன்னான்:
“அடியில என்னன்னு நெனைக்கிற? நம்ம பலகைதான்.
இரும்பு, அதுக்கு மேல பலகை,
விரக்கடை கனத்துக்கு ஃபோம், ஒரு துணி.
மெத்தை கித்தை ஒண்ணும் கெடையாது.

மூணு மணிக்கு ஒருத்தன் வந்தான்.
வழுக்கை. முழங்கால்ல கட்டு. கையில டீ.
போஸ்டர்ல இல்லாத மூஞ்சி.
டீயைக் கீழ வச்சிட்டு மேல ஏறி, விழுந்தான்.
எந்திரிச்சான். விழுந்தான்.
முதுகு பலகையில அறையிற சத்தத்தைக்
காதைச் சாய்ச்சுக் கேட்டான்.
முப்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன்.
ஒரு மூலையைக் காட்டி என்னைப் பார்த்தான்.
அடியில பூந்து பார்த்தா ஒரு போல்ட்,
முக்கால் சுற்று லூஸ்.
அதை முடுக்குனது நான்தான்டா.”

ராத்திரி முதல் ஆட்டமே அவனுடையதாம்.
முகமூடி போட்டுக்கொண்டு வந்தானாம்,
கட்டிய முழங்காலை வைத்து அடையாளம் தெரிந்ததாம்.
நாலே நிமிடம். தோற்றான்.
அதே மூலையில் அவன்மேல் பாய்ந்தவன்
எங்கள் பட்டியலில் மூன்றாவது.
பாய்ந்தவனின் கழுத்தடியில்
கீழே கிடந்தவன் உள்ளங்கையைக் கொடுத்ததை
கம்பத்துப் பக்கம் ஸ்பேனரோடு நின்ற இவன் மட்டும் பார்த்தான்.

நாங்கள் சாரம் கட்டுகிறவர்கள்.
பலகையில் ஏறும் முன்
குதிகாலால் ஒருமுறை தட்டுகிறவர்கள்.
ஒன்பதாம் மாடியில் முக்கால் சுற்று என்றால் என்னவென்று
எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் பாதி புரிந்த தில் பகதூர்தான் முதலில் எழுந்தான்.
கட்டைவிரலை நக்கி
முதல் இடத்தை அழிக்கப் போனான்.
பீர்க்கண்ணு தடுக்கவில்லை.
“ரெண்டுக்கு இறக்கு. மெதுவா இறக்கு” என்றான்.

பெயர் தெரியாததால்
‘முக்கால் சுற்று’ என்று எழுதினோம்.

எல்லோரும் ஒரு படி இறங்கியதில்
பத்தாவது ஆள் கதவுக்கு வெளியே போய்விட்டான்.
அவனுக்காக யாரும் வாதாடவில்லை.
தகராறு ஏழாவது இடத்துக்கு.
நாற்காலிக்காரனா, சிவப்புப் பல்லியா?
காத்தவராயனும் பீர்க்கண்ணுவும்
மூன்று நாளாக முகம் பார்ப்பதில்லை.
பஸ்ஸில் தனித்தனி சீட்டு.

மேலே மட்டும்
ஒரே பலகையின் இரண்டு முனையில் நிற்கும்போது
“தட்டுனியா?”
“ம்.”

அது பேச்சில் சேராதாம்.