இறந்தவள் மேல் நத்தை

"என்ன கும்மிருட்டு!" என்கிறான் அரசன்.
மணி எட்டரை. லட்லோ தோட்டத்தில் ஜூலை வெயில்
அவன் அட்டைக் கிரீடத்தில் பட்டுக் கண் கூசுகிறது.
போர்வைக்குள் சாண்ட்விச் பிரிப்பவர்கள்
இருட்டென்றே ஒப்புக்கொள்கிறார்கள்.

மூன்றாம் காட்சியிலேயே விஷம் குடித்துவிட்ட
ராணி, வினிஃப்ரெட் டக்வெல்,
ரோஜாப் பாத்தி ஓரம்
இன்னும் இருபது நிமிடம் செத்துக் கிடக்க வேண்டும்.

புல்லிலிருந்து ஒரு நத்தை
அவள் மணிக்கட்டில் ஏறுகிறது.
அரசன் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறான்.
ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

முழங்கையில் திரும்பி
தோளில் கொஞ்சம் யோசித்து
அது கழுத்துக்கு வந்தபோது
முன்வரிசைச் சிறுவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

தூறல். குடைகள் விரிந்தன.
அவள் அசையவில்லை.

கைதட்டலுக்குப் பிணங்கள் எல்லாம் துள்ளி எழுந்தன.
அவள் மட்டும் மெல்ல,
கழுத்தைச் சாய்த்தபடியே,
ஒரு கையால் அணைகட்டி வணங்கினாள்.

நாற்காலிகளை மடிக்கும்போதுதான்
இருட்டியது.