நாற்பது புள்ளி மூன்று

கப்பலுக்குப் போகும்போது எஃபீம்
சாவியையும் பூனையையும் என்னிடம் விட்டுப்போனான்.
சாவி ஒன்றும் செய்யவில்லை.
புப்லிக் முதல் நாளே
என் மணிக்கட்டில் கையெழுத்துப் போட்டது.

ஆறு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை.
மீனை வைப்பேன்.
நான் அறையை விட்டுப் போகும்வரை
பீரோ மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்,
வாடகை பாக்கி வைத்தவளைப் பார்ப்பதுபோல.

நேற்றிரவு டிராலிபஸ்ஸைக் கொட்டகையில் விட்டு
பூட்ஸ் பனியைப் படியிலேயே உதறி
கதவைத் திறந்தால்
காட் மீன் தொடாமல் கிடக்கிறது.
பீரோ மேல் யாருமில்லை.
குளியலறைத் தரையில், குழாய்க்கு அடியில்,
சில்லிட்ட ஓட்டில் கன்னம் வைத்துக் கிடந்தது.
தூக்கினேன்.
தூக்க விட்டது.
அப்போதுதான் பயந்தேன்.

மர்மன்ஸ்கில் சூரியன் எழுந்து
பதினேழு நாளாகிறது.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
என் உள்ளங்கையில் ஒரு காது
அடுப்பிலிருந்து எடுத்த அப்பளம் மாதிரிச் சுட்டது.

பூனைக்கு யார் மணி கட்டுவதென்று
கூட்டம் போட்ட எலிகளே,
வெப்பமானி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?
வாஸ்லீன், பழைய துவாலை, ஒரு கெட்ட வார்த்தை.
நாற்பது புள்ளி மூன்று.

தொலைபேசியில் மருத்துவர் ஃபைனா
பாதித் தூக்கத்தில் பேசினாள்:
உன் காய்ச்சல் மாத்திரையில் ஒரு துணுக்குகூடக் கொடுத்துவிடாதே,
அதற்கு அது விஷம்.
தண்ணீர் கொடு, சொட்டுச் சொட்டாக.
பாதத்துக்கு ஈரத்துணி. காலையில் தூக்கிக்கொண்டு வா.

காலை என்பது இங்கே
கடிகாரத்தின் சொல்லை நம்புவது.

ஊசி கழற்றிய சிரிஞ்சு.
கடைவாய் ஓரம் ஒரு சொட்டு.
தொண்டை அசைகிறதா?
அசைகிறது. இன்னொன்று.
உறைந்த சரிவில்கூட
நான் பிரேக்கை இவ்வளவு மெதுவாக அழுத்தியதில்லை.

இரண்டு மணிக்குக் கடலிலிருந்து செய்தி:
"புப்லிக் எப்படி இருக்கிறான்?"
"தொப்பை போட்டுவிட்டான்" என்று அனுப்பினேன்.

மூன்று மணிக்கு, தூங்கிவிடக் கூடாதே என்று,
விவாகரத்தின் கதை முழுவதையும் அதற்குச் சொன்னேன்,
கம்பளத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது உட்பட.
ஓட முடியாதவர்களிடம்தான்
இதையெல்லாம் சொல்ல முடிகிறது.

ஃபைனா மேசையில் கிடத்தி மயிரை விலக்கினாள்.
பின்தொடையில் ஒரு கடி, உள்ளே சீழ்.
"வெளியே விட்டாயா?"
இல்லை என்றேன்.
பிறகு குப்பை வாளி நினைவுக்கு வந்தது,
திறந்து வைத்த கதவு,
மாடிப்படியில் கேட்ட அந்த இரண்டு குரல்கள்,
யார் வீட்டுச் சண்டையோ என்று
வானொலியைக் கூட்டி வைத்த என் கை.

மூன்றாம் நாள் மருந்தோடு குனிந்தேன்.
காது மடங்கியது. ஒரு சீறல்.
அடுத்த நொடி அது பீரோ மேல்,
நான் சிங்க்கில் கையைக் கழுவிக்கொண்டு,
சிரித்துக்கொண்டு.

இன்று ஆறாம் எண் வண்டியில்
மீன் தொழிற்சாலை நிறுத்தத்தில் ஏறிய பெண்
என் கைக்கட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்:
"யார் செய்தது?"
பக்கத்து வீட்டுக்காரர் என்றேன்.
இப்போது பரவாயில்லை, சாப்பிடுகிறார்.