மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு
தெர்மகோல் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்தான்
கூரியர் அமலோற்பவநாதன்.
"சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கக்கா, உள்ள புகையுது."
புகைதான். உலர்பனி.
சுவருக்கு அந்தப் பக்கம்
காலாப்பட்டுக் கடல் வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

தோண்டினால்,
சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத குப்பி.
அடியில் ஒரு துளி.
இருக்கிறதா இல்லையா என்பது
ஜன்னலுக்கு நேரே பிடித்தால்தான் தெரியும்.
ஐம்பது மைக்ரோகிராம்.
நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய், வரி தனி.

என் இருப்புப் பதிவேட்டில்
அலகு என்று ஒரு கட்டம் உண்டு:
எண்ணிக்கை, கிலோ, லிட்டர், ரீம்.
பதினாறு வருஷமாக பினாயிலும் பியூரெட்டும்
வாய் பேசாமல் அதில் அடங்கின.
இது அடங்கவில்லை.
எண்ணிக்கை: ஒன்று, என்று எழுதிவைத்தேன்.

விவரம்: சவ்வுப் புரதம், மறுசேர்க்கை முறை, மனித...
பேனா அங்கே நின்றுவிட்டது.
யாருடையது?

ரிஸ்வானா சிரித்தாள்.
காரைக்கால் பெண், ஆராய்ச்சியில் மூன்றாம் வருஷம்,
பசியை மறக்க பபிள்கம் மெல்லுகிறவள்.
"யாரோடதும் இல்லக்கா.
வாசகம் மட்டும் மனுஷனோடது.
செஞ்சது ஈஸ்ட்.
பேக்கரி ரொட்டிய உப்ப வைக்குதே, அதுக்குப் பங்காளி.
என்ன படிக்கிறோம்னே தெரியாம
ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சிடுச்சு.
சவ்வ விட்டுப் பிரிச்சா தனியா நிக்காது,
அதான் சோப்புல மிதக்குது."

என்ன வேலை அதுக்கு?
"தண்ணி போற வாசல். தண்ணி மட்டும்.
உப்பு வந்தா அப்படியே திரும்பிப் போகணும்.
ஒண்ணு பின்னால ஒண்ணு, தள்ளுமுள்ளு கிடையாது.
பாதி வழியில ஒவ்வொண்ணும்
ஒரு தடவ தலைகீழாப் புரண்டுட்டுத்தான் வெளிய வரும்."
எங்கே இருக்கும்?
"இது? கிட்னில."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சீட்டில் இருந்ததைப் பார்த்து எழுதினேன்:
ஆராய்ச்சிக்கு மட்டும்.
மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.

சாயங்காலம் தண்ணீர் நிலையத்தில் வரிசை.
எங்கள் தெரு போர் தண்ணீரில்
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.
இருபது லிட்டர் கேன், பத்து ரூபாய்.
தள்ளுமுள்ளு இருந்தது.
கேனை இடுப்பில் ஏற்றும்போது
இடப்பக்கத் தழும்பு வழக்கம்போல இழுத்தது.
ஸ்டோரில் யாருக்கும் தெரியாது.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
எனக்கும் அன்று ஒரு படிவம் நீட்டினார்கள்.
கொடுப்பவர் பெயர், பெறுபவர் பெயர், உறவு.
அலகு கேட்கவில்லை.
செசிலியா அக்கா எட்டு வருஷம் இருந்தாள்.
அவள் குடித்த மோரை, காப்பியை,
திருவிழாவில் வாங்கிய கரும்புச் சாற்றை
என் வாசல்கள் உள்ளே நின்று
ஒவ்வொன்றாக எண்ணி அனுப்பியிருக்கின்றன.
எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.
பிறகு உப்பளம் கல்லறையில் அவளை வைத்தோம்.
என்னையும் கொஞ்சம்.

வெள்ளிக்கிழமை ரிஸ்வானா வந்தாள்,
கண் வீங்கி, கையில் குப்பி.
"திரிஞ்சு போச்சுக்கா.
சோப்ப மாத்தினேன், அவ்வளவுதான்."
வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
இப்போது நன்றாகத் தெரிந்தது,
அரிசி கழுவிய நீர்போல ஒரு வெண்மை.
"ஆடிட்ல கேப்பாங்களாக்கா?"
ஆடிட் கண்ணாடிக் குடுவையைத்தான் எண்ணும் என்றேன்.

கழிவுப் பதிவில் காரணம் என்ற கட்டம் சிறியது.
தனியாக நிற்க முடியவில்லை, என்று எழுதினேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஒரு கோடு இழுத்து அடித்து, சுருக்கொப்பம் வைத்து
'பயனற்றது' என்று மாற்றினேன்.
அதையும் அடித்தேன்.

"இடம் இல்லக்கா," என்றாள்.
ஓரத்தில் இருக்கிறது என்றேன்.
பபிள்கம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு
அடுத்த குப்பிக்கு இண்டென்ட் எடுத்தேன்.
எண்ணிக்கை: இரண்டு.