கைமாற்று

செப்டம்பர் மூன்றாம் வாரம், மழை விட்ட மதியத்தில்
ஹெல்டூர் வந்தார்.
பூட்ஸைக் கதவோரம் கழற்றிவிட்டுக்
காலுறையோடு நடந்துவந்து
மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார்:
தேனீ வளர்ப்போர் இதழ், 1936,
பக்கம் நாற்பத்தொன்று முதல் நாற்பத்து நான்கு வரை.
"இருக்காதுதானே?" என்றார்,
இல்லை என்பதைக் கையோடு வாங்கிப்போக வந்தவர் போல.

இல்லைதான்.
சாரெமா தீவின் மேற்கு முனையில்
பால் பண்ணை அலுவலகமாக இருந்த இரண்டு அறைகள் நாங்கள்.
குளிர்பதன அறைதான் சிறுவர் பகுதி.
ஒன்பதாயிரம் புத்தகம். பாதி, துப்பறியும் கதை.
ஆனால் இல்லை என்று சொல்வதற்கு
எனக்குச் சம்பளம் தருவதில்லை.

அவருடைய தேன்பெட்டிகள் மாமனார் அடித்தவை,
அந்த இதழின் படத்தைப் பார்த்து.
இன்று எவரும் சொல்லும் அளவு அவற்றுக்குப் பொருந்தாது.
உறைபனிக்கு முன் எவ்வளவு சர்க்கரை ஊட்டுவது?
குறைந்தால் பட்டினி. கூடினால் முட்டையிட இடமில்லை.
மனைவியிடம் கேட்கலாம்; அவள் ஹெல்சிங்கியில்
இரவுப் பணியிலிருந்து எழுந்திருக்க மாட்டாள்.
அவளுக்கும் தெரியாது.

படிவம் நிரப்பினேன்.
கேட்பவர்: நாங்கள். தருபவர்: எவராயினும்.
தாலினில் அந்த ஓராண்டு மட்டும் பைண்டிங்கில்.
பார்னுவில் அட்டை இருந்தது, இதழ் இல்லை.
தார்த்து எழுதியது:
இருக்கிறது. தாள் உதிர்கிறது, படகு ஏறாது.
ஸ்கேன் செய்து தருகிறோம்.

வந்தன நான்கு பக்கங்கள்.
மூன்றாவதில் ஒரு கட்டைவிரல்.
அகலமான விரல், நகத்தைச் சுற்றிப் பிளாஸ்திரி,
"ஒரு கூட்டுக்கு" என்பதற்கும் "கிலோ" என்பதற்கும் நடுவே
தூங்குகிற பூனை மாதிரி
எண்ணின் மேல் படுத்திருந்தது.

இருபத்திரண்டு வருடத்தில்
எத்தனையோ நூலகங்களுக்கு எழுதியிருக்கிறேன்.
ஒருவருடைய உடம்பைப் பற்றி எழுதியதில்லை.
மூன்று முறை அடித்துத் திருத்தி அனுப்பினேன்:
பக்கம் 43, கீழிருந்து ஆறாம் வரி.
தங்கள் விரலைச் சற்றே நகர்த்த இயலுமா?

ஒரு மணி நேரத்தில் பதில். ஒரே பக்கம்.
பன்னிரண்டு.
வேறு சொல் இல்லை.
ஆனால் அந்த வரியின் அடியில்
அதே விரல், அரை அங்குலம் தள்ளி,
கோடு போட்டதுபோல் நேராக.

எழுதத் தெரியாதவர் வைப்பது கைநாட்டு.
இது படித்தவர்கள் கட்டடத்திலிருந்து வந்தது.
நான் சிரித்ததைப் பார்த்து
ஹெல்டூர் தன் சீட்டைத் திரும்ப வாங்கிச் சரிபார்த்தார்.

நவம்பரில் ஊராட்சிக்கு ஒரு வடிகால் வரைபடம்.
விரல் வந்தது: பிளாஸ்திரி இல்லை,
வெளிறிய தழும்பு, பிறை வடிவில்.
ஆறிவிட்டது, என்றேன் திரையிடம்.
ஜனவரியில் பள்ளி ஆசிரியை கேட்ட ஜெர்மன் கட்டுரை,
ஓரத்தில் நகம் மட்டும்.
மார்ச்சிலிருந்து பக்கங்கள் சுத்தமாக வந்தன,
நேராக, வெள்ளை ஓரங்களோடு,
ஒருவரும் தொடாதவை போல.
புது இயந்திரமா? வேலை மாறிவிட்டாரா?
அதைக் கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் ஹெல்டூர் இரண்டு ஜாடி தேன் வைத்தார்.
"ஒன்று உங்களுக்கு. ஒன்று அந்த ஆளுக்கு."
எந்த ஆள்? ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.
தார்த்துவுக்குத் திரும்பும் புத்தகப் பெட்டியில்
மூன்று நிலவியல் நூல்களுக்கு நடுவே செருகினேன்.
பெறுநர்: பக்கம் 43.
பழக்கதோஷம், கெடு தேதியும் முத்திரை குத்திவிட்டேன்.

குய்வாஸ்துப் படகில் போயிற்று.

செப்டம்பரில் வந்தது ஜாடி, காலியாக,
கழுவித் துடைத்து,
கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
மூடிக்குச் சற்றுக் கீழே
கண்ணாடியில் ஒரு ரேகை,
நடுவில் பிறை மாதிரி ஓர் இடைவெளி.

இன்னும் அலமாரியில் ஏற்றவில்லை.
எந்த எண்ணின் கீழ் வைப்பது என்று தெரியவில்லை.