நாலாவது விசில்

மெல்லிய புத்தகம். அட்டையில் ஒரு குக்கர்,
அதன் மூக்கிலிருந்து ஊதா நிறத்தில் ஆவி.
கார்கோ பெட்டியில் வடகத்துக்கும் சீயக்காய்க்கும் நடுவே
மங்காஃப் வந்து சேர்ந்தது.
முதல் பத்துப் பக்கம் இன்னும் தலைக்குக் குளித்த வாசனை.

கதை இவ்வளவுதான்:
வேணி வீட்டுக் குக்கர் நாலாவது முறை கூவினால்
உலகம் நின்றுவிடும்.
காபி கேட்க வந்த மாமியார் திறந்த வாயோடு நிற்பார்.
கணவன் உதறிய துண்டு காற்றில் தொங்கும்.
ஆவி அடங்கும்வரை
வேணிக்கு மட்டும்தான் நேரம் ஓடும்.
அவள் மேடையில் ஏறி உட்கார்ந்து
காலை ஆட்டிக்கொண்டு மாங்காய் தின்பாள்.
இருநூற்றுப் பதினாறு பக்கமும் இதுதான்,
நடுவில் கொஞ்சம் காதல்.

இரண்டு இரவில் முடித்தேன்.
மறுநாள் லிஃப்ட் கண்ணாடியில்தான் தெரிந்தது
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

நைட் டியூட்டி முடித்த கண்களோடு எட்விஜ் சொன்னாள்:
"மாங்காயா? லூசா இவ?
நானா இருந்தா தூங்குவேன்.
டாக்டர், பேஷண்ட், அட்டெண்டர் எல்லாரையும்
அப்படியே நிக்கவெச்சிட்டு
காலியா இருக்கிற பெட்ல ஏறிப் படுத்துடுவேன்."
ஆனால் தொண்ணூறாம் பக்கத்தின் காதை
இரண்டு முறை மடித்திருக்கிறாள்.

சஃதியா கணக்கு எழுதுபவள்.
ஓரத்தில் பென்சிலால் பெருக்கி வைத்திருந்தாள்:
நாளுக்கு ஒன்பது நிமிடம்,
வருடத்துக்கு ஐம்பத்து நாலே முக்கால் மணி நேரம்.
"புருஷன் கடைசிவரைக்கும் கவனிக்கவே இல்லையாம்.
கதையில நம்பும்படியா இருக்கிற இடம்
அது ஒண்ணுதான்."

பிரபாவதி டீச்சர் இதில் இலக்கியம் இல்லை என்றார்.
அதைச் சொல்லித் திருப்பித் தர
ஐந்து வாரம் ஆனது.

கீழ்வீட்டு சோலைமலை க்ரேன் ஓட்டுபவர்.
பொம்பளைங்க கதை என்று தள்ளிவைத்திருந்தவர்
தூசிப் புயலில் சைட் மூடிய நாளில்
கண்டெய்னருக்குள் உட்கார்ந்து முடித்துவிட்டார்.
"நாலு விசில் விட்டா சாதம் குழைஞ்சிடாதா?
அத எழுதவே இல்லையே."
படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார்.
"அப்போ அந்தப் பொண்ணுக்கு மட்டும்
வயசு கூடிக்கிட்டே போகுமே?"
சஃதியா பென்சிலைக் கீழே வைத்தாள்.
எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

தவமலர், மன்னார்க்காரி, வில்லா வேலை.
மாதத்தில் ஒரு வெள்ளிதான் வெளியே விடுவார்கள்.
ஏழு வெள்ளி கழித்துக் கொண்டுவந்தாள்,
பின்னட்டையில் மஞ்சள் விரல்.

"அக்கா, அந்த வீட்டில குக்கர் இல்லை.
கரண்ட் பானை. சிவப்பு லைட் பச்சையாகும்,
சத்தமே வராது.
அதால நான் வாயாலயே அடிச்சுப் பாத்தன்.
நாலு தரம்."

என்ன ஆச்சு?

"ஒண்டும் நிக்கேல்லை. மாமாதான் வந்து நிண்டவ."
(அங்கே எஜமானியைத்தான் மாமா என்பார்கள்.
முதல் தடவை கேட்டபோது
மீசை வைத்த ஆளை நினைத்துக்கொண்டேன்.)
"ஏன் விசிலடிக்கிறாய் எண்டா. கதையைச் சொன்னன்,
எனக்குத் தெரிஞ்ச அரபியில.
விசிலுக்கு அரபி தெரியாது, திரும்ப அடிச்சுக் காட்டினன்.
கதிரையை இழுத்துப் போட்டு முழுக்கக் கேட்டவ அக்கா,
மாமியார் வாய் திறந்து நிக்கிற இடத்தில
விழுந்து விழுந்து சிரிச்சவ.
அதுக்குள்ள மஜ்பூஸ் அடிப்பிடிச்சிட்டுது."

பிறகு?

"பிறகென்ன, ஏச்சு விழுந்தது.
நல்ல கதை அக்கா. இதைப்போல இன்னொண்டு இருக்கா?"

தம்பிக்கு இன்று பட்டியல் அனுப்பினேன்:
அதே ஆள் எழுதியது வேறு ஏதாவது, கிடைத்தால்.
மோர்மிளகாய் அரைக் கிலோ.
ஐந்து லிட்டர் குக்கருக்குக் கேஸ்கட் ஒன்று,
பழையது தளர்ந்துவிட்டது.

சோலைமலை சொன்னது சரிதான்.
குழைந்துதான் போகிறது.