இரு தலைக்கு நடுவே

முதலில் வந்தது வாசனை.
ஹீட்டரைத் திருகினால்
யாரோ சர்க்கரைப் பாகைக் கருகவிட்ட மாதிரி.
பிறகு கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பு.
பிறகு ஒருநாள் பாலத்து ஏற்றத்தில்
ஹீட்டர் குளிர்காற்றை ஊதியது.
அக்டோபர் கடைசி. ஹாட்டன் ஊரில்
இனி ஆறு மாதம் பனி எங்களைக் கேட்டுக்கொண்டு வராது.

பக்கத்து வீட்டு வென்டெல் கங்காஸ்
காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார்.
"ரேடியேட்டரில் மிளகுத்தூள் போடு, ரெண்டு கரண்டி.
தானா அடைச்சுக்கும்.
என் டிரக் அப்படித்தான் ஒன்பது வருஷம் ஓடியது."
அந்த டிரக் இப்போது அவர் கொல்லையில்
செங்கல்மேல் நிற்கிறது.
உள்ளே கோழிகள்.

வடித்த கூலன்ட்டை மூடிவைத்தேன்.
இனிப்பு என்று அவர் நாய் நக்கினால்
விடியும் முன் போய்விடும்.
குழாய்களுக்கெல்லாம் வெள்ளை டேப்பில் எண் எழுதினேன்.
ஏழு என்று இரண்டு குழாய்களில் எழுதியிருந்தது
மறுநாள்தான் தெரிந்தது.

மேனிஃபோல்டு எளிதில் எழவில்லை.
மரக்கட்டையை அணைகொடுத்து
ஓரத்தில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு.
சளக்கென்று விட்டது.
இரண்டு சிலிண்டர் தலைகளுக்கு நடுவே பள்ளம்.
அதன் அடியில்
பால் கலந்த டீயைப் போல எஞ்சின் ஆயில்.

கேஸ்கட்டைப் பார்த்தேன்.
தண்ணீர்த் துளையைச் சுற்றிய பிளாஸ்டிக்
பிஸ்கட்டாக நொறுங்கியது.
ஆலையில் வைத்தது. தொண்ணூற்றேழில் வைத்தது.
வெளி விளிம்பில் மட்டும்
கறுப்பு சிலிகான், விரலால் இழுத்த தடம்.
பெருவிரல். அகலமான பெருவிரல்.

மூன்று வருஷத்துக்கு முன் டுவைன்
"புது கேஸ்கட் போட்டாச்சு" என்று
கையைத் துடைத்தபடி சொன்னான்.
நூற்றெண்பது டாலர் வாங்கிக்கொண்டான்.
அப்போது நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம்.

போன் செய்தேன்.
"அது வேற காரா இருக்கும்" என்றான்.
எங்களிடம் இருந்ததே ஒரு கார்.

சுரண்டினேன்.
துளைகளில் துணியை அடைத்துவிட்டு
பிளாஸ்டிக் தகட்டால், இரவு பதினொன்று வரை.
தடம் கடைசியில்தான் போனது.
புது கேஸ்கட். இரு முனைகளிலும் சிலிகான்,
மூலைகளில் கொஞ்சம் கூடுதல்.
நடு போல்ட்டில் தொடங்கி
குறுக்கும் மறுக்குமாக வெளியே போகவேண்டும்.
பதினோரு பவுண்ட். அவ்வளவுதான்.
இந்த மாதிரி ராத்திரியில்
முப்பது வரை முறுக்கக் கை துடிக்கும்.
முறுக்கினால் உடைவது அவனில்லை.
வென்டெலிடம் இரவல் வாங்கிய ரெஞ்ச்
'டிக்' என்றதும் நிறுத்தினேன்.
பன்னிரண்டு போல்ட், பன்னிரண்டு டிக்.

இறுக ஒரு நாள் விடச் சொல்லியிருந்தது டியூபில்.
விட்டேன். பள்ளி பஸ் ஓட்டுபவள் நான்,
அன்று வேலைக்கு நடந்து போனேன்.

சனிக்கிழமை புது ஆயில், புது கூலன்ட்.
காற்றுக் குமிழி ஒவ்வொன்றாக வெளியேறியது.
பாலத்தில் ஏறி இறங்கினேன், இரண்டு முறை.
ஹீட்டர் என் முழங்காலைச் சுட்டது.
ரெஞ்சைத் திருப்பிக் கொடுத்தபோது
"மிளகு போட்டியா?" என்றார் வென்டெல்.
"போட்டேன்" என்றேன்.

ராத்திரி எஞ்சினுக்கு அடியில்
அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டேன்.
காலையில் அதில் ஒரு ஈரம், காசளவு.
மண்டியிட்டு மோந்து பார்த்தேன்.
இனிப்பு இல்லை.
மேலே டயர் மடிப்பில்
இரவு பெய்த முதல் பனி உருகிக்கொண்டிருந்தது.
இருந்தாலும் அட்டையை எடுக்கவில்லை.